பட்ட காலிலே பட்ட கதை

"பட்ட காலிலே படும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. அடிபட்ட விரலே மீண்டும் மீண்டும் வாசற்படியில் இடிபடுவதாக நமக்குத் தோன்றுகிறது. மற்ற விரல்களும் அன்றாடம் எங்கேனும் இடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை நாம் கவனிப்பதில்லை. புண்பட்ட விரலோ இலேசாக உரசினாலும் சுரீர் என்று வலிக்கிறது. உடனே காலைத் தூக்கி நடக்கிறோம், நொண்டுகிறோம், உட்கார்ந்துவிடுகிறோம். சில நாட்களில் புண் ஆறிவிடுகிறது.

வலியே தெரியாத ஒரு காலை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலில் இந்தப் பழமொழி எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிடும். பட்ட இடத்திலேயே நாள்தோறும் படும், காலுக்குரியவர் அதை அறியமாட்டார், புண் ஆறாது. தொழுநோயாளிகளின் கால்களில் பல நூற்றாண்டுகளாக நடந்தது இதுதான். ஆனால் அந்தப் புண்களுக்கு உலகம் வேறு காரணம் கற்பித்திருந்தது. அக்காரணம் தவறு என்று நிறுவிய ஆராய்ச்சியின் தொடக்கத்தில் நம் செங்கற்பட்டுக்கு ஓர் இடம் உண்டு. அந்த வரலாற்றை அறிவதற்கு முன், புண் எப்படி ஆறுகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

புண் ஆறும் விதம்

தோல் கிழிந்தவுடன் முதலில் நடப்பது இரத்தம் உறைதல். இரத்தத் தட்டணுக்கள் கிழிந்த குழாயின் வாயில் ஒட்டிக்கொள்கின்றன. ஃபைப்ரின் என்னும் புரத நூல்கள் வலைபோல் பின்னி, அந்த அடைப்பை இறுக்குகின்றன. இது சில நிமிட வேலை.

அடுத்துத் துப்புரவுப் பணி தொடங்குகிறது. வெள்ளணுக்கள் இரத்தக் குழாயைவிட்டு வெளியேறிக் காயத்துக்குள் புகுந்து கிருமிகளை விழுங்குகின்றன. அவற்றின் பின்னே வரும் பெருவிழுங்கணுக்கள், இறந்த செல்களையும் குப்பையையும் அகற்றுவதோடு, பழுதுபார்க்க வேண்டிய செல்களை வரவழைக்கும் வேதிப்பொருள்களையும் சுரக்கின்றன. காயத்தைச் சுற்றிச் சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகியவை தோன்றுவது இக்கட்டத்தில்தான்.

மூன்றாவது, கட்டுமானம். நார்ச்செல்கள் காயத்துக்குள் நுழைந்து கொலாஜன் என்னும் புரத இழைகளை நெய்கின்றன. மெல்லிய இரத்த நுண்குழாய்கள் கிளைவிடுகின்றன. புண்ணில் செக்கச்செவேலென்று மணிமணியாகத் தெரியும் புதுச்சதை இதுவே. விளிம்பிலுள்ள மேல்தோல் செல்கள் இதன்மீது ஊர்ந்து வந்து மூடுகின்றன. நார்ச்செல்களில் ஒரு வகை தசையைப்போல் சுருங்கிப் புண்ணின் ஓரங்களை உள்நோக்கி இழுக்கிறது.

கடைசிக் கட்டம் சீரமைப்பு. அவசரத்தில் நெய்யப்பட்ட கொலாஜன் கலைக்கப்பட்டு, உறுதியான இழைகளாகத் திரும்ப நெய்யப்படுகிறது. இது ஓராண்டுக்கு மேலும் நீடிக்கலாம். மூன்று வாரமான வடுவின் வலிமை, பழைய தோலில் ஏறத்தாழ 20 விழுக்காடுதான். முழுதும் முதிர்ந்த வடுவும் 80 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. வடு என்பது ஒட்டுப்போட்ட துணி; புதுத் துணியாகாது.

இத்தனை வேலைகளும் ஒன்றை எதிர்பார்க்கின்றன: ஓய்வு. இன்று முளைத்த நுண்குழாய் நாளை நசுங்கினால், இன்று ஊர்ந்துவந்த மேல்தோல் நாளை உரிந்தால், கட்டடம் ஒவ்வொரு நாளும் அடித்தளத்திலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும். நலமுள்ள உடலில் அந்த ஓய்வைக் கட்டாயப்படுத்தி வாங்கித் தருவது வலி.

சட்டத்தில் இடம்பெற்ற புண்

தொழுநோயை விளைவிக்கும் கிருமியை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தார். கிருமி தெரிந்துவிட்டதால் அச்சம் குறைந்துவிடவில்லை. நோயாளிகளின் விரல்கள் குறுகுவதையும், உள்ளங்காலில் குழிப்புண்கள் விழுவதையும் கண்ட மக்கள், இந்நோய் உடலைத் தானே அழுகச் செய்கிறது என்று நம்பினர். மருத்துவர்களுள்ளும் பலர், தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அதில் கத்தி வைத்தால் ஆறாது என்றே கருதினர்.

பிரிட்டிஷ் ஆட்சி 1898இல் இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் ஒன்றை இயற்றியது. தொழுநோயாளி என்பவர் யார் என்பதற்கு அச்சட்டம் கொடுத்த விளக்கம் கவனிக்கத்தக்கது. நோய் கண்டவரில் எவருக்குப் புண் உண்டாகத் தொடங்கிவிட்டதோ அவரே சட்டத்தின் பார்வையில் தொழுநோயாளி! வறியவராயிருந்து, தெருவில் புண்ணோடு காணப்பட்டால் பிடித்து அடைத்துவைக்க அச்சட்டம் வழிசெய்தது. காலில் ஒரு புண் ஆறுமா ஆறாதா என்பது, ஒரு மனிதன் வீட்டில் வாழ்வானா, காப்பகத்தில் அடைபடுவானா என்பதையே தீர்மானித்தது.

திருமணியில் ஒரு கைகுலுக்கல்

செங்கற்பட்டு நகரை அடுத்த திருமணியில் 1924இல் சென்னை மாகாண அரசு, லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை ஏற்படுத்தியது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் தொழுநோய் மிகுதி. உள்நாட்டு ஏரிப்பாசன ஊர்களிலிருந்தும் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கு வந்தனர். அந்நாளில் கைவசமிருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஊசி ஒன்றே. அதன் பயன் மிகச் சிறிது.

இம்மருத்துவமனையின் தலைமை மருத்துவராக விளங்கியவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோயியலில் உலகப் புகழ் பெற்றவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். டாப்சோன் என்னும் மருந்தைத் தொழுநோயாளிகளுக்கு ஊசி மூலம் கொடுத்து அவர் 1946இல் சோதனை தொடங்கியது செங்கற்பட்டில்தான். கிருமியைக் கட்டுப்படுத்தும் நம்பகமான மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் கிருமி ஒழிந்த பின்னும் மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. உள்ளங்கால் புண்கள் ஆறவில்லை. மருந்து தொடாத இந்தப் பகுதியைத் தொட வேறொருவர் வரவேண்டியிருந்தது.

அவர் பால் பிராண்ட். 1914இல் பிறந்து, நம் கொல்லிமலையில் வளர்ந்தவர். பெற்றோர் அங்கே மறைப்பணியும் மருத்துவப் பணியும் செய்த ஆங்கிலேயர். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற பிராண்ட், காக்ரேனின் அழைப்பை ஏற்று 1946இல் வேலூர் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு காக்ரேனைக் காணச் செங்கற்பட்டு சென்றார்.

காக்ரேன் மருத்துவமனையைச் சுற்றிக் காட்டினார். அவர் தோலைப் பற்றி விளக்கிக்கொண்டே வர, எலும்பு, மூட்டு அறுவையில் பயிற்சி பெற்ற பிராண்டின் கண் நோயாளிகளின் கைகால்களிலேயே நின்றது. இத்தனை ஊனங்களை எந்த அறுவை மருத்துவரும் ஏன் ஆராயவில்லை என்பதே அவர் கேள்வி. வழியில் ஓர் இளைஞன் மடங்கிய விரல்களால் செருப்பைக் கழற்றத் திண்டாடிக்கொண்டிருந்தான். பிராண்ட் அவன் கைக்குள் தம் கையைக் கொடுத்து, முழுப் பலத்தோடு அழுத்தச் சொன்னார். செயலற்றதாகத் தோன்றிய அந்தக் கை, அவருக்கு நோகும்படி இறுக்கிப் பிடித்தது! தான் அழுத்தும் வேகம் அந்த இளைஞனுக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு பிடியில் இரண்டு உண்மைகள் அடங்கியிருந்தன. ஒன்று, கையின் தசைகள் யாவும் சாகவில்லை. முன்கையின் வலிய தசைகள் நன்றாகவே இருந்தன. இரண்டு, எவ்வளவு அழுத்துகிறோம் என்னும் உணர்வு அந்தக் கையில் இல்லை. முதல் உண்மையைப் பின்பற்றி, நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவையை பிராண்ட் 1948இல் வேலூரில் தொடங்கினார். கூட்டுக்குள் மடங்கிக் கிடந்த விரல்கள் மீண்டும் நிமிர்ந்து சோற்றைப் பிசைந்தன.

இங்கேயே ஒரு வியப்புக் காத்திருந்தது. கெட்ட சதை, கத்தி வைத்தால் ஆறாது என்றார்கள் அல்லவா? தொழுநோயாளிகளின் அறுவைக் காயங்கள் மற்றவர்களுடையதைப் போலவே ஆறின. சதை நல்ல சதைதான். அப்படியானால் உள்ளங்கால் புண் மட்டும் ஏன் ஆறவில்லை?

நரம்பு காட்டிய விடை

விடையின் ஒரு பகுதி மறுபடியும் செங்கற்பட்டிலேயே கிடைத்தது. அங்கு இறந்துபோன ஒரு நோயாளியின் உடலைச் சோதிக்க இசைவு கிடைத்ததும், பிராண்ட் வேலூரிலிருந்து விரைந்து சென்று, இரவெல்லாம் நரம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். புண் உள்ள இடத்தில் நரம்பு வீங்கியிருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். வீக்கம் இருந்ததோ முழங்கைக்குச் சற்று மேலே, கணுக்காலருகே, முழங்காலின் பக்கவாட்டில். அதாவது நரம்பு தோலுக்கு மிக அருகில், உடலின் குளிர்ந்த பகுதியில் ஓடும் இடங்களில்.

தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியே விருப்பம். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களில் அது குடியேறுகிறது. அதை எதிர்த்து உடல் நடத்தும் போரில் நரம்பு வீங்கி, நசுங்கி, அழிகிறது. வழியில் கம்பி அறுந்தால் அதற்கப்பாலுள்ள விளக்கெல்லாம் அணைவதுபோல, கணுக்காலில் நரம்பு கெட்டால் உள்ளங்கால் முழுதும் உணர்விழக்கிறது. வியர்வை சுரப்பதும் நின்று தோல் உலர்ந்து வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகளும் செயலிழப்பதால் விரல்கள் மடங்கி, உடலின் பளு முன்பாதத்தின் சில புள்ளிகளில் குவிகிறது.

ஆகவே கிருமி விரலைத் தின்னவில்லை. அது நரம்பின் குரலை அடக்கிவிட்டது. மற்றதெல்லாம் நெருப்பும் முள்ளும் நடையும் செய்த வேலை.

பூட்டும் உளியும்

பிராண்ட் பின்னாளில் எழுதிய ஒரு நிகழ்ச்சி இதை விளக்கும். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. சிறு பையனான ஒரு நோயாளி முன்வந்து சாவியை ஒரே திருப்பில் திருப்பிவிட்டான். அவனுக்கு இவ்வளவு பலமா என்று அவர் வியந்தபோது தரையில் இரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. பையனுக்கோ அது தெரியவே இல்லை. பெரியவரின் விரல் பலம் குறைந்ததால் நிற்கவில்லை. வலி போதும் என்று சொன்னதால் நின்றது.

அதன்பின் வேலூரில், மறுவாழ்வு பெற்ற இளைஞர்கள் நாள்தோறும் தம் கைகால்களைப் பரிசோதித்து, ஒவ்வொரு புதுக் காயத்துக்கும் காரணத்தைத் தேடினர். ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது. சூடான தம்ளர், அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம், சுத்தியலின் சொரசொரப்பான பிடி, செருப்பில் நீட்டிய ஆணி. இரவில் விரல் காணாமற்போனதற்கும் காரணம் தெரிந்தது: உறங்கும்போது எலி கடித்திருந்தது! நோயாளிகள் வீடு திரும்பும்போது பூனை ஒன்றும் உடன் கொடுத்தனுப்பப்பட்டது.

நலமுள்ள கை இதிலிருந்து எப்படித் தப்புகிறது? செங்கற்பட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் மாமல்லபுரம். அங்கே சிற்பக் கூடங்களில் காலை முதல் மாலை வரை உளியின் ஓசை கேட்கும். கருங்கல்லைச் செதுக்கும் சிற்பியின் கையில் உளி ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது. ஆனாலும் அக்கையில் புண் விழுவதில்லை, காப்புக் காய்க்கிறது. ஓரிடம் சிவந்து நோகத் தொடங்கியதும் சிற்பி தம்மை அறியாமலே பிடியை மாற்றுகிறார், சற்று நிறுத்துகிறார், வேறு வேலையை எடுக்கிறார். இடைவெளி கிடைக்கும் தோல் தடித்து வலுக்கிறது. இடைவெளி கிடைக்காத தோல் உடைகிறது. நீண்ட தூரம் நடப்பவரும் இப்படியே அடி வைக்கும் விதத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறார். உணர்வற்ற பாதமோ முதல் அடியைப் போலவே பதினாயிரமாவது அடியையும் அதே புள்ளியில் வைக்கிறது.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், பிராண்டும் அவர் குழுவினரும் எலிகளின் பாதங்களில் மிதமான அழுத்தத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்துச் சோதித்தனர். இடைவிடாமல் கொடுத்தபோது பாதம் சூடேறி, வீங்கி, சில நாட்களில் புண்ணாயிற்று. எண்ணிக்கையைக் குறைத்து, இடையிடையே ஓய்வு நாளும் விட்டபோது அதே பாதம் காப்புக் காய்த்து வலுத்தது.

மாவுக்கட்டு என்னும் ஓய்வு

வலி வாங்கித் தரும் ஓய்வை வேறெப்படி வாங்குவது? படுக்கையில் கிடத்தலாம். ஆனால் கூலிவேலை செய்து பிழைப்பவர் எத்தனை வாரம் படுத்திருப்பார்? எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு இங்கே கைகொடுத்தது. இதை முதன்முதலில் தொழுநோய்ப் புண்ணுக்குப் பயன்படுத்தியவர்களில் இந்திய மருத்துவர் ஜோசப் கான், கொழும்பின் தமிழ் அறுவை மருத்துவர் மில்ராய் பால் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். கான் தம் அனுபவத்தை 1939இல் வெளியிட்டார். வேலூரிலும், 1955இல் அதனருகே கரிகிரியில் தொடங்கப்பட்ட ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையிலும் இம்முறை வளர்ந்தது. அதே 1955இல் திருமணி மருத்துவமனையையும் இந்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது.

பாதத்தோடும் கெண்டைக்காலோடும் ஒட்டிப் படியுமாறு போட்ட கட்டு, உடலின் பளுவை ஒரு புள்ளியில் குவியவிடாமல் பரவலாகத் தாங்குகிறது. புண்ணின் ஓரங்கள் அசைவதில்லை, நோயாளி நடமாடலாம். ஆண்டுக்கணக்கில் ஆறாதிருந்த புண்கள், எந்த அதிசய மருந்தும் இன்றி, பெரும்பாலும் ஆறேழு வாரங்களில் மூடிக்கொண்டன. கெட்ட சதை என்னும் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

மிகையும் குறையும்

புண் மூடியதோடு கதை முடிவதில்லை, வடு எஞ்சுகிறது. வடுவிலும் இயல்பு பிறழ்வது உண்டு. காது குத்திய இடத்திலோ, மார்பில் ஒரு பரு வந்த இடத்திலோ தழும்பு தடித்து, காயத்தின் எல்லையையும் கடந்து வளர்வதை நாம் பார்த்திருக்கிறோம். இது கெலாய்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர், நண்டின் கொடுக்குபோல் அது பக்கங்களில் கால்விட்டுப் பரவுவதைக் கண்டு அப்பெயரிட்டார். கொலாஜன் நெசவு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காததன் விளைவு இது. கருநிறத் தோலினரிடம் மிகுதி. வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து, நாளடைவில் தணியும் தழும்பு வேறு வகை.

உள்ளங்காலில் கெலாய்டு அரிது. அங்கே தொல்லை நேர்மாறானது. குதிகாலிலும் முன்பாதத்திலும் சிறுசிறு அறைகளில் அடைபட்ட கொழுப்பு மெத்தையாக இருக்கிறது. ஆழமான புண் அம்மெத்தையை அழித்துவிட்டால், அந்த இடத்தில் வரும் வடு எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. நடக்கும்போது சுற்றியுள்ள தோல் நகர, ஒட்டிய வடு நகர முடியாமல் கிழிகிறது. ஒவ்வொரு தடவை உடையும்போதும் வடு பெரிதாகி, மெத்தை இன்னும் குறைகிறது. ஆகவே முதல் புண்ணைத் தடுப்பதே சிறந்த மருத்துவம்.

இதற்காகவே வேலூர், கரிகிரி மருத்துவர்கள் செருப்புத் தைக்கும் தொழிலையும் கற்க வேண்டியதாயிற்று. நுண்ணறைகள் நிறைந்த ரப்பரால் ஆன மெத்தென்ற உள்தளம், முள்ளோ ஆணியோ ஏறாத கெட்டியான அடித்தளம், ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்த வார். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நாடெங்கும் அறியப்படுவது இதுவே. காலுக்கு நரம்பு செய்துவந்த காவலில் ஒரு பகுதியைச் செருப்பும், மறுபகுதியை நாள்தோறும் பாதத்தைப் பார்க்கும் கண்ணும் ஏற்றுக்கொண்டன.

தொழுநோயைக் கடந்து

இந்த அறிவு தொழுநோயோடு நின்றிருந்தால் இன்று வரலாறாக மட்டுமே இருந்திருக்கும். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் வெகுவாகக் குறைந்தது. 2005இல் இந்தியாவில் நோயாளிகளின் வீதம் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே வந்தது. எனினும் ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில் புதிய நோயாளிகள் இன்னும் கண்டறியப்படுகின்றனர். புண்ணைக்கொண்டு மனிதனை வரையறுத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள் 2019இல் நீக்கப்பட்டன.

இதற்கிடையில் வேறொரு நோய் அதே கதையைப் பெருந்திரளான மக்களிடம் நடத்திக்கொண்டிருக்கிறது. அது நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. நெடுங்காலச் சர்க்கரை மிகுதி, நீண்ட நரம்புகளின் நுனியை முதலில் கெடுக்கிறது. கால் மரத்துப்போகிறது. செருப்புக் கடித்தது தெரிவதில்லை. சுடுமணலில் நடந்து கொப்புளித்தது தெரிவதில்லை. செங்கற்பட்டிலும் வேலூரிலும் கண்ட அதே குழிப்புண், அதே இடத்தில் விழுகிறது. கார்விலில் பிராண்ட் குழுவினர் செம்மைப்படுத்திய மாவுக்கட்டு, நீரிழிவுப் பாதப்புண்ணுக்கு இன்று உலகெங்கும் சிறந்த சிகிச்சைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. நீரிழிவில் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம்; சீழும் ஆழமாகப் பிடித்திருக்கலாம். அவற்றைச் சோதித்த பின்பே மருத்துவர் கட்டுப் போடுவார்.

காலில் உணர்வு இருக்கிறதா என்று அறிய, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று போதும். அதை உள்ளங்காலில் வைத்து மருத்துவர் அழுத்தும்போது, தொடுவது தெரியாதவர் ஆபத்தின் எல்லையில் இருக்கிறார். அத்தகையவர் வெறுங்காலோடு நடத்தலாகாது. செருப்பை அணியுமுன் உதறிப் பார்க்க வேண்டும். இரவு படுக்குமுன் உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பார்க்க வேண்டும். கண் தெரியாத முதியவருக்குப் பேரன் பேத்திகள் பார்த்துச் சொல்லலாம். சிவப்போ சூடோ கொப்புளமோ கண்டால் வலிக்கவில்லையே என்று விட்டுவிடக்கூடாது. வலிக்காததுதான் அங்கே ஆபத்து.

பிராண்ட் 2003இல் காலமானார். வலியை மனிதனுக்குக் கிடைத்த கொடை என்று அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லியும் எழுதியும் வந்தார். வலியை ஒழிப்பதையே மருத்துவம் என்று எண்ணும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். திருமணிக்கு வந்த நோயாளிகளின் பாதங்களைப் பார்த்த எவருக்கும் அது விந்தையாகத் தோன்றியிராது.